ஒரே ஆட்டம், ஒரே வீரர், இரண்டு கணக்கு: விளையாட்டுக்கு விளையாட்டு பந்தயத்தை எப்படித் தீர்க்கிறார்கள்?

ஹாரோவாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் லண்டனில் ஹாரோ பகுதியில் வசிக்கிறேன். இங்கே உரிமம் பெற்ற இணையப் பந்தய நிறுவனம் ஒன்றில் எப்போதாவது ஐந்து, பத்து பவுண்டுக்குப் பந்தயம் கட்டுவதுண்டு. தோற்ற பணத்துக்காகப் புலம்ப வரவில்லை. வென்றதாக நான் நினைத்தவை எனக்குப் புரியாத விதத்தில் கணக்கு முடிக்கப்படுவதால்தான் கேட்கிறேன்.

2025 விம்பிள்டன் டென்னிஸ் நான்காவது சுற்றில் யானிக் சின்னரும் கிரிகோர் டிமித்ரோவும் மோதிய ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். முதல் இரண்டு செட்டையும் டிமித்ரோவ் 6-3, 7-5 என்று வென்றார். மூன்றாவது செட் 2-2 என்றிருந்தபோது மார்புத் தசையில் காயம்பட்டு அவர் விலகியதால் சின்னர் அடுத்த சுற்றுக்குப் போனார். நானும் என் நண்பரும் சின்னர் மீது ஆளுக்குப் பத்து பவுண்டு கட்டியிருந்தோம். வேறு நிறுவனத்தில் கட்டிய நண்பருக்கு வென்ற பணம் வந்தது. எனக்கோ 'செல்லாது' என்ற குறிப்போடு கட்டிய பத்து பவுண்டு மட்டும் திரும்பி வந்தது.

அதற்கு முன்பு ஒரு கோப்பைக் கால்பந்தாட்டத்தில் நான் தேர்ந்த அணி கூடுதல் நேரத்தில் வென்றது. பந்தயம் தோற்றதாகக் காட்டினார்கள். ஆனால் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் ஒன்றில் கூடுதல் நேரத்தில் கிடைத்த வெற்றிக்கு அதே நிறுவனம் மறுபேச்சின்றிப் பணம் தந்தது. கோல்ஃபில் நான் கட்டியவர் முதல் ஐவருக்குள் வந்தும் பாதிப் பணம்தான் கிடைத்தது. எல்லா விளையாட்டுக்கும் பொதுவான விதி என்று ஒன்று இருக்கிறதா, அல்லது அவரவர் வசதிக்குத் தீர்த்துக்கொள்கிறார்களா?

பழைய கவுண்டர்:

தம்பி, வட லண்டனில் ஒரு பந்தயக் கடையில் பதினொரு ஆண்டுகள் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் நான். நீங்கள் கேட்ட கேள்வியைச் சனிக்கிழமை மாலைகளில் சீட்டைக் கண்ணாடியில் தட்டித் தட்டிப் பலர் கேட்டிருக்கிறார்கள். பொதுவிதி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விதிப் புத்தகத்தைத் தானே எழுதிக்கொள்கிறது. ஆனால் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒரே மூன்று கேள்விகளுக்குத்தான் விடை எழுதியிருப்பார்கள்: ஆட்டம் எப்போது முடிந்ததாகக் கொள்வது, பாதியில் நின்றால் என்ன செய்வது, முடிவு பிறகு மாறினால் எதை ஏற்பது. விளையாட்டுக்கு விளையாட்டு விடைதான் மாறும்.

டென்னிஸிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வீரர் பாதியில் விலகினால் வெற்றியாளர் மீதான பந்தயத்தை என்ன செய்வது என்பதில் மூன்று வழக்கங்கள் உண்டு. முதல் பந்து வீசப்பட்டாலே பந்தயம் நிற்கும், அதாவது செல்லும் என்பது ஒன்று. ஒரு செட்டாவது முழுமையாக முடிந்திருந்தால் நிற்கும் என்பது இன்னொன்று. ஆட்டம் இயல்பாகக் கடைசிப் புள்ளிவரை ஆடப்பட்டால்தான் நிற்கும், இல்லையேல் கட்டிய பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது மூன்றாவது. உங்கள் நண்பரின் நிறுவனம் முதல் இரண்டில் ஒன்றைப் பின்பற்றுகிறது, உங்களுடையது மூன்றாவதை. இரண்டும் நேர்மையான கணக்குதான். நீங்கள் டிமித்ரோவ் மீது கட்டியிருந்தால் இதே விதி உங்கள் பத்து பவுண்டைக் காப்பாற்றியிருக்கும், நண்பரின் நிறுவனத்தில் டிமித்ரோவ் மீது கட்டியவர் முழுவதையும் இழந்திருப்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அதே ஆட்டத்தில் வேறு பந்தயங்கள் என்னவாகியிருக்கும் என்று பார்த்தால் இன்னும் சுவையாக இருக்கும். 'முதல் செட்டை யார் வெல்வார்' என்பதற்கு விடை வந்துவிட்டது, ஆகவே டிமித்ரோவ் மீது கட்டியவருக்குப் பணம் உண்டு. 'மொத்த கேம்கள் எத்தனை' என்ற பந்தயத்தைப் பாருங்கள். விலகும்வரை 9, 12, 4 என்று மொத்தம் 25 கேம்கள் ஆடப்பட்டிருந்தன. ஒரு செட்டை வெல்ல ஆறு கேமாவது வேண்டும், டிமித்ரோவ் வெல்ல இன்னும் ஒரு செட் போதும். ஆக ஆட்டம் எப்படித் தொடர்ந்திருந்தாலும் 2-2 என்றிருந்த மூன்றாவது செட் 6-2க்குக் குறைவான கேம்களில் முடிந்திருக்க முடியாது. அதாவது மிகக் குறைந்தபட்சமாகவே 29 கேம்கள் வந்தே தீரும். எனவே 'ஏற்கெனவே எவ்விதத்திலும் மாற முடியாதபடி முடிவான பந்தயங்கள் நிற்கும்' என்ற வாசகத்தை வைத்திருக்கும் நிறுவனத்தில், 28.5க்கு மேல் என்று கட்டியவர் 25 கேம்களே ஆடப்பட்ட ஆட்டத்தில் வென்றவராகிறார். 29.5க்கு மேல் என்று கட்டியவருக்குக் கட்டிய பணம் திரும்பும். கடையில் இதை விளக்க நான் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். அப்போதும் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள்.

கால்பந்தில் வேறு குறிப்பு இல்லையென்றால் எல்லாமே 90 நிமிடமும் அதன் இறுதியில் நடுவர் சேர்க்கும் ஈடுசெய் நேரமும்தான். கூடுதலாக ஆடப்படும் 30 நிமிடமும் பெனால்ட்டி உதையும் கணக்கில் வாரா. 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை அர்ஜென்டினா வென்றது என்பது ஊரறிந்தது. ஆனால் பந்தயச் சீட்டில் அந்த ஆட்டம் 2-2 என்ற சமநிலை. பிரான்சின் எம்பாப்பே மூன்று கோல் அடித்தார், ஆனால் மூன்றாவது 118ஆவது நிமிடத்தில் வந்ததால் 'ஹாட்ரிக்' என்று கட்டியவர் தோற்றார். 'கோப்பையைத் தூக்குவது யார்' என்ற தனிப் பந்தயத்தில் கட்டியவருக்குத்தான் அர்ஜென்டினாவின் வெற்றி வெற்றியாயிற்று. உங்கள் கோப்பை ஆட்டத்திலும் 'அடுத்த சுற்றுக்குப் போவது யார்' என்ற தனி வரி நிச்சயம் இருந்திருக்கும், கொஞ்சம் குறைந்த விலையில் (விலை என்பது வென்றால் எத்தனை மடங்கு லாபம் என்ற விகிதம்).

அமெரிக்க ஆட்டங்களில் சமநிலை என்ற விலையே பெரும்பாலும் கொடுக்கப்படுவதில்லை என்பதால் கூடைப்பந்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் கூடுதல் நேரம் தானாகவே சேரும். ஐஸ் ஹாக்கியில் இரண்டு வகையும் உண்டு: இரு அணிக்கும் சமநிலைக்குமாக மூன்று விலை கொடுத்தால் 60 நிமிடம், அணிகளுக்கு மட்டும் இரண்டு விலை கொடுத்தால் முழு முடிவு. எத்தனை விலை எழுதியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

நின்றுபோன ஆட்டத்துக்கு ஓர் உதாரணம். 2023 டிசம்பர் 16 அன்று போர்ன்மத் அணிக்கும் லூட்டன் அணிக்கும் நடந்த ஆட்டம், 1-1 என்றிருந்தபோது லூட்டன் அணித்தலைவர் டாம் லாக்யர் இதயத் துடிப்பு நின்று சரிந்ததால் நிறுத்தப்பட்டது. அது விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை. 2024 மார்ச் 13 அன்று முதலிலிருந்து ஆடப்பட்டு, 0-3 என்று பின்தங்கிய போர்ன்மத் 4-3 என்று வென்றது. பொதுவான விதிப்படி டிசம்பரில் கட்டிய வெற்றியாளர் பந்தயங்கள் ரத்து. 'முதல் கோல் யார்' போல ஏற்கெனவே முடிவானவை மட்டும் நிற்கும். ஆனால் டென்மார்க், ஃபின்லாந்து அணிகளின் 2021 யூரோ ஆட்டம், டென்மார்க் வீரர் எரிக்சன் மயங்கி விழுந்த பிறகு அதே மாலையில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததால் அதன் பந்தயங்கள் செல்லுபடியாயின.

மெரினா ஸ்டாண்ட்:

கிரிக்கெட்டை யாரும் தொடவில்லையே என்பதால் எழுதுகிறேன். மழை குறுக்கிடும் விளையாட்டு இது என்பதால் தீர்வு விதிகளும் மற்ற எதையும்விட நீளமாக இருக்கும்.

2023 ஐபிஎல் இறுதியாட்டம் மே 28 அன்று அகமதாபாத்தில் நடந்திருக்க வேண்டியது. மழையால் 29ஆம் தேதிக்குத் தள்ளிப்போய், சென்னையின் மட்டைவீச்சில் மூன்று பந்துகளுக்குப் பிறகு மறுபடி மழை வந்து, நள்ளிரவைத் தாண்டி 30ஆம் தேதி அதிகாலையில் முடிந்தது. குஜராத் வைத்த 20 ஓவரில் 215 என்ற இலக்கு, மழைக்கேற்ப இலக்கைத் திருத்தும் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறையில் 15 ஓவரில் 171 ஆயிற்று. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஆறும் நான்கும் அடித்துச் சென்னையை வெல்லவைத்ததை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பிரிட்டனில் இதற்குக் கட்டியவர்களின் வெற்றியாளர் பந்தயம் நின்றது, ஏனெனில் மாற்றுநாள் போட்டி விதியிலேயே இருந்தது, திருத்திய இலக்கில் வந்த வெற்றியும் அதிகாரபூர்வமான வெற்றிதான். ஆனால் 'சென்னை அணி மொத்தம் எத்தனை ஓட்டம் எடுக்கும்' என்ற பந்தயத்தின் கதை வேறு. விலை கொடுத்தபோது இருந்த 20 ஓவர் மழையால் 15 ஆனதால், அதற்குள் முடிவாகாத ஓட்டப் பந்தயங்களைச் செல்லாதவையாக்குவதே பல நிறுவனங்களின் வழக்கம். முந்தைய இன்னிங்ஸில் 'குஜராத்தின் அதிக ஓட்டம்' என்று நம் சாய் சுதர்சன் மீது கட்டியவருக்கு அவருடைய 96 முழுவதுமாகக் கணக்கானது. ஆக ஒரே ஆட்டத்தில் ஒரு பந்தயம் வெற்றி, ஒன்று ரத்து, எல்லாம் அதே மழையால்.

சமன் ஆகும் ஆட்டங்களில் இன்னும் கவனம் வேண்டும். 2019 உலகக் கோப்பை இறுதியில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் 241 என்று சமன், சமனை முறிக்கும் சூப்பர் ஓவரிலும் 15 என்று சமன், பின்பு பவுண்டரி எண்ணிக்கையில் 26க்கு 17 என்று இங்கிலாந்து வென்றது. போட்டி விதி யாரை வெற்றியாளராக அறிவிக்கிறதோ அதன்படி தீர்க்கும் நிறுவனத்தில் இங்கிலாந்து மீது கட்டியவருக்கு முழுப் பணம். சூப்பர் ஓவரைச் சேர்க்காத நிறுவனத்தில் இருவருக்கும் பாதிப்பாதி. சூப்பர் ஓவரில் எடுக்கும் ஓட்டங்கள் 'அதிக ஓட்டம் எடுத்தவர்' கணக்கில் சேர்வதில்லை என்பதில் மட்டும் அநேகமாக எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

டெஸ்ட் ஆட்டத்தில் டிரா வேறு, டை வேறு: நேரம் தீர்ந்தும் முடிவு வராதது டிரா, இரு அணிகளின் ஓட்டமும் சமமாக முடிவது டை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடியது டை. கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனார். இன்றைய விதியில் அப்படி ஒரு முடிவு வந்தால், 'டிரா' என்று கட்டியவர் 'யாரும் வெல்லவில்லையே' என்று வாதாட முடியாது, அவர் தோற்றவர். இரண்டு அணிகளின் மீது கட்டியவர்களுக்கும் பாதிப்பாதி என்பதே பெருவழக்கு. டெஸ்ட் வரலாற்றில் இரண்டே முறை நடந்தது என்பதால் யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை.

கணக்கர்:

மேலே 'பாதிப்பாதி' என்று வந்ததால், அது எதில் பாதி என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் கேள்விக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

டெட் ஹீட் என்பது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த முறை. இரண்டு குதிரைகள் ஒன்றாக எல்லையைத் தொட்டால் நீங்கள் கட்டிய தொகையைத்தான் பாதியாக்குகிறார்கள், கிடைக்கும் லாபத்தை அல்ல. 8/1 விலையில், அதாவது ஒரு பவுண்டுக்கு எட்டு பவுண்டு லாபம் என்று, 10 பவுண்டு கட்டியிருந்தால் 5 பவுண்டு தோற்றது, மற்ற 5 பவுண்டு 8/1இல் வென்றது என்று கொண்டு 45 பவுண்டு கையில் வரும்.

கோல்ஃபில் 40/1 விலையில் 'ஈச் வே' 10 பவுண்டு கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது உண்மையில் இரண்டு பந்தயம், மொத்தம் 20 பவுண்டு: வெற்றிக்கு 10, இடத்துக்கு (முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு) 10. ஐந்து இடங்களுக்குக் கால்பங்கு விலை, அதாவது 10/1. உங்கள் ஆள் வேறு மூவரோடு நான்காவது இடத்தில் சமமாக முடிக்கிறார். நான்காவது, ஐந்தாவது ஆகிய இரண்டே இடங்கள் மீதமிருக்க, பங்குக்கு நால்வர். ஆகவே 10 பவுண்டில் பாதி, 5 பவுண்டுதான், 10/1இல் நிற்கிறது, வருவது 55. சமன் இல்லாதிருந்தால் 110 வந்திருக்கும். திரு. ஹாரோவாசி அவர்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். குறைந்த விலையில் இது கடிக்கவும் செய்யும். 'முதல் இருபதுக்குள்' என்று 1/2 விலையில் 10 பவுண்டு கட்டி, ஓர் இடத்துக்கு ஐவர் சமமானால், 2 பவுண்டு மட்டுமே நிற்கும். 3 பவுண்டு கைக்கு வரும். சீட்டில் 'வென்றது' என்றுதான் எழுதியிருக்கும்.

குதிரைப் பந்தயத்தில் உள்ள இன்னொன்று 'ரூல் ஃபோர்'. நீங்கள் கட்டிய பிறகு ஒரு குதிரை விலகினால் மற்றவற்றின் வாய்ப்பு கூடிவிடுகிறது அல்லவா, அதற்கு ஈடாக லாபத்தில் பிடித்தம். விலகிய குதிரையின் விலையைப் பொறுத்து அட்டவணை உண்டு: 2/1 என்றிருந்தால் பவுண்டுக்கு 30 பென்ஸ், சம விலை (1/1) என்றால் 45 பென்ஸ், 14/1க்கு மேல் என்றால் பிடித்தமில்லை. 5/1இல் 10 பவுண்டு கட்டி வென்றவருக்கு, 2/1 குதிரை விலகியிருந்தால் 50 பவுண்டு லாபத்தில் 15 போய் 35 கிடைக்கும். கட்டிய பத்தைத் தொட மாட்டார்கள். நாள்கணக்கில் முன்னதாகக் கட்டும் ஆன்டி போஸ்ட் பந்தயத்தில் உங்கள் குதிரையே ஓடாவிட்டாலும், தனிச் சலுகை அறிவிக்கப்படாதவரை, பணம் திரும்பாது. ஆனால் ஓட்டமே செல்லாது என்றானால் எல்லாம் திரும்பும். 1993 கிராண்ட் நேஷனலில் தவறான தொடக்கத்தை அறியாமல் பலர் ஓடியே முடித்து, எஷா நெஸ் என்ற குதிரை முதலாவது வந்தும், ஓட்டம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதால் ஏறத்தாழ 7.5 கோடி பவுண்டு திருப்பித் தரப்பட்டது.

ஹாரோவாசி:

மூவருக்கும் நன்றி. கோல்ஃப் கணக்கு அப்படியே பொருந்துகிறது. பழைய கவுண்டர் அண்ணன் சொன்ன மூன்றாவது கேள்வியை, அதாவது முடிவு பிறகு மாறுவதை, இன்னும் யாரும் விளக்கவில்லை. தீர்வு தவறென்று தோன்றினால் யாரிடம் போவது என்பதையும் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய கவுண்டர்:

பிறகு வரும் மாற்றத்தைப் பந்தயம் கண்டுகொள்வதில்லை என்பதே பொதுவழக்கம், தம்பி. கேள்வி, 'பிறகு' என்பது எந்த நொடியில் தொடங்குகிறது என்பதுதான். குதிரைப் பந்தயத்தில் ஓட்டம் முடிந்து குதிரையோட்டியின் எடை பார்த்து அறிவிப்பு வரும்வரை காத்திருப்பார்கள். கார்ப் பந்தயத்தில் பல நிறுவனங்கள் மேடையேற்றத்தையே எல்லையாக வைத்திருக்கின்றன. 2024 பெல்ஜியம் கிராண்ட் பிரியில் ஜார்ஜ் ரசல் முதலாவது வந்து மேடையும் ஏறினார். பிறகு கார் 1.5 கிலோ எடை குறைவென்று தகுதிநீக்கம் செய்து வெற்றியை ஹாமில்டனுக்குக் கொடுத்தார்கள். மேடை விதி கொண்ட நிறுவனத்தில் வென்றவர் ரசல்தான்.

கால்பந்தில் 2018 ஏப்ரலில் ஸ்டோக் அணிக்கு எதிரான ஒரு கோல் முதலில் எரிக்சன் பெயரில் எழுதப்பட்டு, நான்கு நாள் கழித்து மேல்முறையீட்டில் ஹாரி கேன் பெயருக்கு மாறியது. ஆட்ட நாளின் பதிவையே எல்லையாகக் கொள்ளும் விதிப்படி, எரிக்சன் மீது கட்டியவருக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான், கேன் மீது கட்டியவருக்கு ஒன்றுமில்லை.

முறையீட்டுக்கு முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். நீங்கள் கட்டிய நாளில் இருந்த விதியின் வரியை எடுத்துக்காட்டி எழுதுங்கள். 'இது நியாயமா' என்று எழுதினால் வார்ப்புப் பதில்தான் வரும். எட்டு வாரத்துக்குள் தீராவிட்டாலோ இறுதிப் பதில் பிடிக்காவிட்டாலோ, அந்த நிறுவனம் பெயர் குறிப்பிட்டிருக்கும் நடுநிலை அமைப்புக்குக் கட்டணமின்றிக் கொண்டுபோகலாம். ஐபாஸ் என்பது அவற்றுள் பலரும் அறிந்தது.

வேளச்சேரி வாசகர்:

இதே போல ஒரு பந்தயச் செயலியில் இங்கே சென்னையிலிருந்து கட்டுகிறவர்களுக்கும் இந்த முறையீட்டு வழி உண்டா?

கணக்கர்:

இல்லை. பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் பந்தய ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் கோரத்தக்கதாக்கியது. அதற்கு முன்பு 1845 முதல் அங்கேயும் கோர முடியாதுதான். இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30, பந்தய உடன்பாடுகளைச் செல்லாதவை என்கிறது. அதற்கு மேல், 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுச் சேவைகளையே தடை செய்திருக்கிறது. கடல்கடந்து இயங்கும் செயலியில் விதியை எழுதுபவரும் தீர்ப்பவரும் ஒருவரே. அவர் 'செல்லாது' என்றால் அதற்கு மேல் யாருமில்லை. கட்டாதீர்கள்.

ஹாரோவாசி:

நேற்று இரவு என் நிறுவனத்தின் டென்னிஸ் விதிகளைத் தேடிப் படித்தேன். வெற்றியாளர் பந்தயத்துக்கு முழு ஆட்டமும் முடிந்திருக்க வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது, ஆகவே சின்னர் பணம் திரும்பியதில் எனக்கு இனி வழக்கில்லை. ஆனால் அதற்கு மூன்று வரி கீழே, 'எவ்விதத்திலும் மாற முடியாதபடி முடிவான' கேம் எண்ணிக்கைப் பந்தயங்கள் நிற்கும் என்றும் இருக்கிறது. உடனே என் மச்சான் நினைவுக்கு வந்தார். அதே நிறுவனத்தில், அதே ஆட்டத்தில், 27.5க்கு மேல் என்று ஐந்து பவுண்டு கட்டியிருந்தார். ஜூலையிலேயே 'செல்லாது' என்று திருப்பிவிட்டார்கள், அவரும் 25 கேம்தானே ஆடினார்கள் என்று விட்டுவிட்டார். 9, 12, 8 என்று கூட்டி, விதியின் எண்ணையும் போட்டு, இன்று காலை அவர் பெயரில் புகார் அனுப்பியிருக்கிறோம்.